மலைக்குளிரில் வாசனை மெழுகுவர்த்தி

ஐயா,

ஊட்டி, குன்னூர் பக்கம் வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்க நினைப்பவர்கள், சமவெளியில் சொல்லும் பக்குவத்தை அப்படியே பின்பற்றினால் சரிவராது.

குவளையில் ஊற்றும் சோயா மெழுகு சுமார் 50 டிகிரி செல்சியஸில் உருகும். சில்லிட்ட கண்ணாடியில் ஊற்றினால் ஓரம் சட்டென இறுகி, கண்ணாடியை விட்டு விலகும். மேலே வெள்ளை பூத்துவிடும். குவளையை முன்பே வெதுவெதுப்பாக்கி, ஊற்றியதும் அட்டைப்பெட்டியால் மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் மெழுகு விலை குறைவு, வாசமும் நன்றாக வீசும். ஆனால் ஆறும்போது சுருங்கி நடுவில் குழி விழும். கொஞ்சம் மெழுகை மிச்சம் வைத்து மறுபடி ஊற்றியாக வேண்டும். தேன்மெழுகுக்குத் தன் வாசமே தூக்கல், அதில் வாசனைத் தைலம் கலப்பது வீண்செலவு.

100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் தைலம் போதும். கூடினால் மேலே எண்ணெய் கசியும். நீலகிரித் தைலம் சீக்கிரம் ஆவியாகும், தீயும் பற்றும். அடுப்பை அணைத்து இறக்கிய பிறகே கலக்க வேண்டும்.

எல்லா மெழுகையும் ஒரே திரியில் ஒப்பிடுவது நியாயமில்லை. சோயாவுக்குச் சற்றுத் தடித்த திரி வேண்டும். மெழுகு ஊற்றி 10 நாள் கழித்து 3 மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். உருகிய மெழுகு ஓரம்வரை பரவாவிட்டால் திரி மெலிசு, புகைந்தால் தடிமன்.

- ஒரு வாசகர், குன்னூர்