மலை மேலே ஒரு உப்பளம்

லிமா
ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலம்தானே? போனில் நீங்கள் "அந்த ஊர் எப்படிப்பா இருக்கு" என்று கேட்பதும், நான் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வதுமாகவே பேச்சு முடிந்துவிடுகிறது. பத்தரை மணி நேர வித்தியாசத்தில் நம்மில் ஒருவர் எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறோம். இந்தத் தடவை உங்களுக்கென்றே சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும்.

ஜூலை 28 பெருவின் சுதந்திர தினம். அதையொட்டி எங்கள் அலுவலகத்துக்கு விடுமுறை கிடைத்தது. (ஆட்டோ உதிரிபாக வியாபாரம் நன்றாகவே போகிறது. இங்கே தெருவுக்குத் தெரு ஓடுவது நம் பஜாஜ் மூன்று சக்கர வண்டிதான். மோட்டோடாக்சி என்பார்கள்.) லிமாவில் இப்போது குளிர்காலம். கடலிலிருந்து வரும் மூடுபனி வாரக்கணக்கில் வானத்தை மூடியிருக்கும். மழையும் பெய்யாது, துவைத்த துணியும் காயாது. வெயிலைப் பார்க்கவாவது மலைக்குப் போகலாம் என்று உங்கள் மருமகள் பிடிவாதம் பிடிக்க, ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்காக்களின் தலைநகரமாக இருந்த குஸ்கோவுக்குக் கிளம்பினோம்.

விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஒரே தாவலில் 3,400 மீட்டர் ஏறிவிடுகிறோம். கொடைக்கானலே 2,100 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பெட்டியைத் தூக்கி நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை கனக்கிறது. விடுதியில் வந்ததுமே கோகா இலை போட்ட சுடுதண்ணீர் கொடுத்தார்கள். முதல் நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதுதான் நல்லது.

குஸ்கோ தெருக்களில் கீழ்ப்பாதிச் சுவர் இன்காக்கள் கட்டியது, மேல்பாதி ஸ்பானியர்கள் கட்டியது. 1530களில் நகரத்தைப் பிடித்தவர்கள் பழைய சுவர்களை இடிக்க முடிந்த இடத்தில் இடித்தார்கள், முடியாத இடத்தில் அதன் மேலேயே வீடும் தேவாலயமும் எழுப்பினார்கள். கோரிகாஞ்சா என்ற சூரியன் கோயிலின் மேல் சாந்தோ தொமிங்கோ மடம் உட்கார்ந்திருக்கிறது. 1950இல் வந்த நிலநடுக்கத்தில் மடம் பலமாகச் சேதமாகி, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் வெளியே தெரிந்தன. சுண்ணாம்பு கிடையாது, காரை கிடையாது. கல்லோடு கல் இழைத்துச் சேர்த்து, சுவரை லேசாக உள்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு சந்தில் பன்னிரண்டு மூலை கொண்ட ஒரு கல் இருக்கிறது. அதன்முன் படம் எடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம். அந்தக் கூட்டம் எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அதே சுவரில் மற்றக் கற்களும் அதே அழகோடுதான் பொருந்தியிருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குஸ்கோவிலிருந்து வண்டியில் போனால் மாராஸ் என்று ஒரு ஊர். அங்கே 3,000 மீட்டருக்கும் மேலே, மலைச் சரிவில், ஒரு உப்பளம் இருக்கிறது அப்பா! வளைவில் திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையும் பழுப்புமாகப் பாத்திகள், ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகின்றன. மூவாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். நீங்கள் வேலை செய்த நம் ஊர் உப்பளத்துப் பாத்தி போலப் பெரிதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவுதான்.

கடல் இல்லாமல் உப்புத் தண்ணீர் எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? மலைக்குள்ளேயே பழைய உப்புப் படிவம் இருக்கிறது. அதைக் கரைத்துக்கொண்டு ஓர் ஊற்று வெளியே வருகிறது. ஒல்லியான ஓடைதான், தாண்டிவிடலாம். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீரெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. அந்த ஓடையைக் கை அகல வாய்க்கால்களாகப் பிரித்து எல்லாப் பாத்திக்கும் விடுகிறார்கள். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, சரிவுதான் எல்லா வேலையையும் செய்கிறது. பாத்தி நிறைந்ததும் மடையைக் கல்லும் மண்ணும் வைத்து அடைக்கிறார்கள். சில நாளில் காய்ந்ததும் மறுபடி விடுகிறார்கள். இப்படி ஏறக்குறைய ஒரு மாதம் விட்டு விட்டுக் காயவைத்தால் உப்பு கெட்டியாகப் படிகிறது. பிறகு கட்டையால் தட்டி உடைத்து வாருகிறார்கள். மேலே கிடைப்பது வெள்ளை, சமையலுக்கு. நடுவில் லேசான ரோஜா நிறம். அடியில் மண் கலந்தது மாட்டுக்கும் மற்ற வேலைகளுக்கும் போகிறது. உப்புத் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் பார்க்கும் கருவி எதுவும் கண்ணில் படவில்லை. கண்ணாலேயே பார்த்து முடிவு செய்கிறார்கள் போலிருக்கிறது.

மழைக்காலத்தில் இங்கேயும் வேலை ஓடாது. ஆனால் மழைக்காலம் நமக்கு நேர் எதிர் இல்லை, டிசம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் அக்டோபர் வரை உப்பு நன்றாகக் காயும்.

இன்காக்களுக்கும் முன்னாலேயே இந்த அளம் இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்றும் பாத்திகள் மாராஸ், பிச்சிங்கோத்தோ என்ற இரண்டு ஊர்க் குடும்பங்களுடையவை. அப்பன் பாத்தி பிள்ளைக்கு வருகிறது. வழியோரக் கடையில் உப்பு விற்ற ஓர் அம்மாளிடம், "எங்க அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். அவர் உடனே கேட்டது, "கால் எப்படி இருக்கிறது?" என்று. உங்கள் பாத வெடிப்பையும் கண் கூச்சத்தையும் சொன்னேன். தன் காலைச் செருப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். கூடவே இருந்த சுற்றுலாப் பயணிகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாத்திக்குள் இறங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. 2019இலிருந்து வெளியாட்களை வரப்பில் நடக்க விடுவதில்லை. ஆயிரக்கணக்கான பேர் மிதித்தால் உப்பு என்னத்துக்கு ஆகும்? சரியான முடிவுதான்.

அப்புறம் மாச்சு பிச்சு, இன்காக்கள் மலை மேல் கட்டிய பழைய ஊர். படத்தில் எல்லோரும் பார்த்த இடம்தான், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒய்யாந்தைதம்போ என்ற ஊரிலிருந்து ரயில். அந்த ஊரையே ஒரு நாள் இருந்து பார்க்கலாம். இன்காக்கள் போட்ட தெருக்களிலேயே சனங்கள் குடியிருக்கிறார்கள், தெருவோர வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு, அதனால் மூச்சு சீராகிவிடும். ஆனால் படிகள் உங்கள் முழங்காலுக்கு ஆகாது. நேரம் குறித்த டிக்கெட், குறித்த பாதை, திரும்பி நடக்க முடியாது. அழகு என்னவோ உண்மை. மலை முகட்டில் கோயில்களும் வீடுகளும், கீழே வளைந்து போகும் உருபம்பா ஆறு. எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத வேலை: படிக்கட்டு வயல்களுக்கு அடியில் கல், சரளை, மணல் என்று அடுக்கி மழைத் தண்ணீரை வடித்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அந்த மலை எப்போதோ சரிந்திருக்கும். 1911இல் ஹைரம் பிங்கம் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவர் போனபோது அதே வயல்களில் சில விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன! அவர் அள்ளிக்கொண்டு போன பொருட்கள் நூறு வருடம் கழித்து, 2011இலும் 2012இலும்தான் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்தன.

இன்காக்கள் அழிந்துபோனார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தேன். அழிந்தது அரசுதான். கேஸ்வசாகா என்ற இடத்தில் அபுரிமாக் ஆற்றின் மேல் புல்லால் திரித்த தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. வருடா வருடம் ஜூனில் நாலு ஊர்க்காரர்கள் கூடி, பெண்கள் புல்லைக் கயிறாகத் திரிக்க, ஆண்கள் அதை வடமாக முறுக்கி, பழைய பாலத்தை ஆற்றில் வெட்டிவிட்டுப் புதிதைக் கட்டுகிறார்கள். கொரோனா காலத்தில் ஒரு வருடம் கட்டாமல் விட்டார்கள், 2021இல் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். நாங்கள் போனபோது புல் இன்னும் பழுக்கவில்லை, வாசனை அடித்தது. நான் கடந்தேன். உங்கள் மருமகள் கரையிலேயே நின்றுவிட்டாள், காரணம் கேட்கவில்லை.

புனோவுக்கும் போனோம். தித்திகாகா ஏரியும், கோரைப்புல்லை அடுக்கி மிதக்கவிட்ட தீவுகளும் பார்த்தோம். ஆனால் தீவில் எல்லாமே பயணிகளுக்காக நடப்பது போல எனக்குத் தோன்றியது. போகிற வழியில் வயல்களில் உருளைக்கிழங்கைப் பரப்பியிருந்தார்கள். அது அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. இரவுப் பனியில் கிழங்கை உறையவைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, மறுபடி காயவைத்தால் சூன்யோ. வருடக்கணக்கில் கெடாது. அம்மா போடும் வற்றல் மாதிரிதான், வெயிலோடு பனியும் சேர்ந்து வேலை செய்கிறது. உருளைக்கிழங்கு முதலில் பயிரானதே இந்த மலைகளில்தானே. சுவை? சூப்பில் ஊறினால் பரவாயில்லை, தனியாகச் சாப்பிட எனக்குப் பொறுமை இல்லை.

மாராஸ் உப்பு இரண்டு பொட்டலம் வாங்கியிருக்கிறேன். டிசம்பரில் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் பார்த்து, தரம் எப்படி என்று எழுதுங்கள், போனில் அவசரமாகச் சொல்ல வேண்டாம். அந்த அடி அடுக்கு ஏன் அவ்வளவு பழுப்பாக வருகிறது என்று எனக்குத் தெரியவேண்டும். உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

உங்கள் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடிந்துவிட்டதா? விசாவுக்கு டெல்லி தூதரகத்தில் எழுதிப் போட நாளாகும், அதனால் தம்பியைத் துரத்துங்கள். வந்தால் மே மாதத்துக்குப் பிறகு வாருங்கள். முதலில் லிமாவில் இருந்துவிட்டு, மெல்ல மெல்ல மலை ஏறலாம். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று அம்மாவை விட்டு எனக்குச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் பாதியை மறைத்துவிடுவீர்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்