கதவைச் சாத்திக்கொள்ளட்டும்

குமுளி,
ஞாயிறு காலை

அன்புத் தோழி,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மகள் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு வாராவாரம் போனிலேயே ஒரு கவுன்சலரிடம் பேசுகிறாள், "நேர்ல மொகத்தப் பாக்காம என்னத்தச் சரி பண்ணிருவாங்க?" என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கவுன்சலரிடம் நான் பேசி, பிள்ளை என்னதான் சொல்கிறாள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய்.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாதுடி. நானும் ஒரு கவுன்சலர்தானே, முடிந்தாலும் செய்யமாட்டேன். மனநல சிகிச்சைக்கு வருகிறவரின் ரகசியம் அவருடைய உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு நடக்கும் பாலியல் கொடுமை, இந்த மாதிரி விஷயம் வந்தால் நான் வாய் திறந்தாக வேண்டும், மற்றதெல்லாம் இந்த நாலு சுவரோடு. அதைக் கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சே சீராகும்.

அந்த நாலு சுவர்தான் விஷயம். என் அறையில் இரண்டு நாற்காலி. நடுவில் மேசை கிடையாது. ஐம்பது நிமிஷம். புத்தி சொல்லமாட்டேன், எல்லாருக்கும் ஊரில் புத்தி சொல்ல ஆள் இருக்கிறது. அவர் சொல்வதை அவர் பக்கத்தில் இருந்து கேட்பேன். வாய் "ஒண்ணுமில்ல" என்கிறபோது கால் ஆடிக்கொண்டே இருக்கும். நேரில் அது தெரியும். போனில் தெரியாது, நீ கேட்டது நியாயம்தான்.

ஆனால் இந்த ஊரை நினைத்துப் பார். கம்பம், கூடலூரிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி மலையேறும் பெண்கள், ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத்தான் இறங்குகிறார்கள். எப்போது என் மாடிப்படி ஏறுவார்கள்? ஏறினாலும் கீழே கடையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தமிழ்நாடு-கேரள எல்லைச் சோதனைச்சாவடி அடைபட்டபோதுதான் வேறு வழியில்லாமல் போனில் பேச ஆரம்பித்தேன். அரைமனசாகத்தான்.

ஒரு அம்மா, அடையாளம் மாற்றித்தான் சொல்கிறேன், ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு இருக்கிறார். தனியாகப் பேச இடமே இல்லை. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார். யாராவது வந்தால் "காய் இன்னிக்கு என்ன வெலை?" என்று கேட்பார், நான் உடனே ஏலக்காய்க்கு மாறிவிடுவேன். அந்தத் தொட்டி மறைவில் நாங்கள் கட்டிய அறை அது. நேரில் சுவரை நான் எழுப்பித் தருகிறேன். போனில் இரண்டு பேரும் சேர்ந்து எழுப்ப வேண்டும்.

அதனால் ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி: இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யாரு? ஒரு பக்கம் ரகசியம். இன்னொரு பக்கம், ஏதாவது ஆகிவிட்டால் நான் ஆள் அனுப்ப வேண்டுமே. மலையில் சிக்னல் போய்விட்டால் யார் திரும்பக் கூப்பிடுவது என்பதையும் முன்னாலேயே பேசிவைப்போம். அழுதுகொண்டிருக்கும்போது லைன் அறுந்தால், கைவிட்டுவிட்டார்கள் என்றே மனசு நினைக்கும். மௌனம் நீண்டால் "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்வேன்.

சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகவே கேட்பேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது; கேட்கமாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். ஆமாம் என்று வந்தால் வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறவரை போனை வைக்கமாட்டேன். அந்த நிலையில் போன் பேச்சு மட்டும் போதாது, மனநல மருத்துவரிடம் நேரில் போயாக வேண்டும். மருந்து எழுதுவது அவர்கள் வேலை, எங்கள் வேலை இல்லை.

கண்ணால் பார்க்காததில் காது கூர்மையாகிறது என்பதும் உண்மை. மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை ஒருத்தி "எனக்கு விஷமமா இருக்கு" என்றாள். நம் காதுக்குக் குறும்பு. மலையாளத்தில் அது துக்கம். விஷமம்னா உனக்கு என்னம்மா என்று கேட்டேன். அரைமணி நேரம் பேசினாள்.

உன் மகளிடம் ஒன்று மட்டும் கேள்: கவுன்சலர் என்ன படித்தவர், எங்கே பயிற்சி எடுத்தவர் என்று விசாரித்தாளா? இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல். நடுராத்திரியில் தாங்கமுடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து அரசு நடத்துகிறது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். அதை அவள் போனில் பதிந்துவைக்கட்டும். நீயும்தான்.

பொங்கலுக்கு வருகிறாள் என்றாயே. அந்த வாரமும் அவளுக்குப் பேசும் நேரம் வரும். மாடி அறையை அவளுக்கு விட்டுவிடு. கதவைச் சாத்திக்கொள்ளட்டும். நீ அந்த ஒரு மணி நேரம் மார்க்கெட்டுக்குப் போய் மஞ்சள்கொத்து வாங்கி வா. திரும்பி வந்து என்ன பேசினாய் என்று கேட்காதே, காபி போட்டுக் கொடு.

உன் பழைய ஹாஸ்டல் தோழி