டேலி ஆகாத இரண்டு ஹிட்கள்

அன்புள்ள சிதம்பரம்,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? கல்லூரி வேலை முடிந்த கையோடு பேஸ்பால் வரலாற்றில் இறங்குவதாக எழுதியிருந்தாய். அதுவும் டெட்ராய்ட் அணியின் பேட்டர் டை காப்பின் 1910 கணக்கிலிருந்து! தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

கதை உனக்குத் தெரியும். அந்த ஆண்டு அதிக சராசரி (ஹிட்களை, அதாவது அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்ந்தவற்றை, பேட்டிங் முறைகளால் வகுத்தது) வைக்கும் பேட்டருக்கு சால்மர்ஸ் கம்பெனியின் கார் பரிசு. கடைசி நாளில் செயின்ட் லூயிஸில், காப்போடு போட்டியில் இருந்த நாப் லாஜுவே 8 ஹிட் எடுத்தார். மூன்றாம் பேஸ்காரரை எதிரணி வேண்டுமென்றே பின்னால் தள்ளி நிறுத்தியதால், அவற்றில் பெரும்பாலானவை மெல்லத் தட்டிவிட்ட பன்ட்கள். அப்படியும் மயிரிழையில் காப்தான் முதலிடம் என்று லீக் அறிவித்தது. கம்பெனி இருவருக்கும் கார் கொடுத்துவிட்டது. எழுபது ஆண்டு கழித்து, பீட் பால்மர் என்ற ஆய்வாளர் காப்பின் பேரேட்டில் ஒரே ஆட்டம் இரண்டு முறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். 1981இல் அது அச்சில் வந்தது. இரண்டு ஹிட் கழிந்தால் காப்பின் வாழ்நாள் கணக்கு 4191 அல்ல, 4189. பேஸ்பால் நிர்வாகத் தலைவரான கமிஷனர் பௌவி கூன் திருத்த மறுத்துவிட்டார். 1985 செப்டம்பர் 11 அன்று சின்சினாட்டியில் பீட் ரோஸ் தன் 4192ஆவது ஹிட்டை அடித்து காப்பைத் தாண்டியபோது ஊரே கொண்டாடியது. சரியான கணக்கில் அந்தச் சாதனை மூன்று நாள் முன்பே சிகாகோவில் விழுந்துவிட்டது.

இத்தனை காலம் யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் பேரேட்டின் அமைப்பு. லீக் அலுவலகத்தில் ஆட்டத்துக்கு ஒரு தாள் கிடையாது, ஆட்டக்காரருக்கு ஒரு தாள். நாளுக்கு ஒரு வரி. ஒருவர் தாளில் ஒரு வரி கூடுதலாக ஏறினால் அந்தத் தாளின் கூட்டல் தப்பாது. அன்றைய ஆட்டத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் பிசகு தெரியும். ஆகையால் நீ எந்த எண்ணை எடுத்தாலும் ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்.

கிரிக்கெட் ஸ்கோரர் பேட்டிங் பக்கத்தையும் பவுலிங் பக்கத்தையும் ஒத்துப் பார்ப்பதுபோல இங்கும் ஒரு சமன் உண்டு. ஆடவந்த பேட்டர் ஒவ்வொருவரும் ரன் எடுத்திருக்க வேண்டும், அவுட் ஆகியிருக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் நின்றிருக்க வேண்டும். நான்காவது வழி இல்லை. அட்-பேட் (சராசரிக்குக் கணக்காகும் பேட்டிங் முறை), வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக பேஸ் பெறுவது), பந்து பட்டுப் போனவர்கள், சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகி இன்னொருவரை முன்னேற்றுவது), கேட்சர் குறுக்கீட்டால் பேஸ் பெற்றவர்கள் எல்லாவற்றையும் கூட்டு. மறுபக்கம் ரன், பேஸில் நின்றவர்கள், எதிரணியின் புட்அவுட், அதாவது அவர்கள் எடுத்த அவுட்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும்.

4 ரன், 7 பேர் பேஸில், 27 அவுட் என்றால் மொத்தம் 38. ஒன்பது பேர் நான்கு சுற்று வந்தால் 36; மீதி இரண்டு. ஆக முதல் இரண்டு இடத்துக்காரர்கள் ஐந்து முறை, மற்றவர்கள் நான்கு முறை. இரண்டாமவருக்கு அட்-பேட் 3 என்று பத்திரிகை போட்டிருந்தால், மீதி இரண்டும் பெரும்பாலும் வாக் அல்லது சாக்ரிஃபைஸ்தான்; அரிதாகப் பந்து பட்டதோ கேட்சர் குறுக்கீடோ இருக்கலாம். 1910 பத்திரிகைகளில் பெரும்பாலும் வாக்குகள் பிட்சர் பெயரில்தான் கீழே இருக்கும். யார் வாங்கினார் என்பதை இப்படித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கே சறுக்கும்? உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதின் பின்பாதி ஆடமாட்டார்கள், புட்அவுட் 24தான். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடந்தால் வரிகள் மாறி ஏறும். சக ஆட்டக்காரர் ரன் எடுக்க உதவும் கேட்ச் அவுட்டை அட்-பேட்டாக எண்ணாத சாக்ரிஃபைஸ் ஃப்ளை விதி 1908இல் வந்து, 1931இல் போய், 1939இல் ஒரே ஆண்டு தலைகாட்டி, 1954இல்தான் நிலைத்தது. டெட் வில்லியம்ஸ் 1941இல் எடுத்த .406 இன்றைய விதியில் இன்னும் உயர்ந்திருக்கும். விதி மாறிய ஆண்டுகளுக்குக் குறுக்கே சராசரிகளை ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதே.

உன்னைப் போல ஒரு பேராசிரியர், டெலவேரில் உயிரியல் கற்பித்த டேவிட் ஸ்மித், 1989இல் ரெட்ரோஷீட்டைத் தொடங்கினார். பழைய ஸ்கோர் தாள்களையும் பத்திரிகை வர்ணனைகளையும் சேர்த்து ஒவ்வொரு பந்தடியையும் குறியீடாக்கும் வேலை. பிட்சர் 1, கேட்சர் 2 என்று ஒன்பது இடத்துக்கும் எண். 63 என்றால் 6ஆம் எண் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) எடுத்து 3ஆம் எண்ணான முதல் பேஸ்காரருக்கு எறிந்தது. வர்ணனை கிடைக்காத ஆட்டங்களை பாக்ஸ் ஸ்கோரிலிருந்து (ஆட்டக்காரர்வாரியான சுருக்க அட்டவணை) ஊகித்துக் கட்டி, ஊகம் என்றே முத்திரை போட்டு வைப்பார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். உன் கையெழுத்துப் படியிலும் ஊகத்துக்குத் தனி நிற மை வைத்துக்கொள்.

இன்னொன்று. உன் மனைவிதான் நூலகக் குறிப்புகளை எடுத்துத் தருகிறார் என்று எழுதியிருந்தாயே. ஹரால்ட் சீமோர் 1956இல் கார்னெலில் பேஸ்பால் வரலாற்றுக்கு முனைவர் பட்டம் வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்ட் 1960, 1971, 1990இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளும் அவர் பெயரில் மட்டும் வந்தன. ஆய்விலும் எழுத்திலும் பாதிக்கு மேல் உழைத்தவர் மனைவி டாரதி. மூன்றாம் தொகுதியின்போது கணவருக்கு நினைவே தடுமாறிவிட்டது. 2010இல்தான் பதிப்பகம் டாரதியை இணை ஆசிரியராக ஒப்புக்கொண்டது. முதல் பக்கத்திலேயே இரண்டு பெயரையும் போடு.

இரண்டு முறை ஏறிய அந்த ஆட்டம் நடந்த 1910 செப்டம்பர் 24ஆம் தேதி டெட்ராய்ட் அணி ஆடிய இரண்டு ஆட்டங்களையும் தனித்தனியே சமன் செய்து அனுப்பு. கூட்டலை இங்கும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ராமநாதன்