பற்றைக்காட்டுக்கு எந்தத் துவக்கு?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. மூத்தவள் பல்கலைக்கழக விடுதிக்குப் போனாள். சாமான் ஏற்றி இறக்குவதிலேயே நாள் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி? அந்த முழங்காலோடு அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மலைகளில் மரை தேடப் போகிறாயாம். வாசித்துவிட்டு வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

சரி, துவக்குக்கு வருவோம். குட்டையாக, பாரம் குறைந்ததாக ஒன்று சொல்லச் சொன்னாய். நான் முதலில் வாங்கிய கூத்தைக் கேள். 24 அங்குலக் குழல், அதன் நுனியில் சைலன்சர். இங்கே நியூசிலாந்தில் அதற்குத் தடையில்லை, காது தப்பட்டும் என்று அனேகமானோர் பூட்டுவார்கள். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 1.3 மீற்றர். கடையில் தோளில் வைத்துப் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. தாரருவா மலைக்காட்டில் சப்பிள்ஜாக் என்று ஒரு கொடி இருக்கிறது. கறுப்பாக, விரல் மொத்தத்தில், ஆளையே இழுத்து நிறுத்தும். குனிந்தால் குழல் மாட்டும், நிமிர்ந்தால் பிடங்கு மாட்டும். ஒருநாள் விடியற்காலை ஓடையைக் கடந்து ஏறுகிறேன், 15 மீற்றரில் ஒரு பெட்டைச் செம்மான் எழுந்து நிற்கிறது. கொடியிலிருந்து குழலை உருவி எடுத்து ஸ்கோப்புக்குள் பார்த்தால் வெறும் மயிர்! நெஞ்சா, தொடையா, ஒன்றும் தெரியவில்லை. முதல்நாள் மாலை எதிர்ச்சரிவைப் பார்க்க ஸ்கோப்பை 9 மடங்கு பெருக்கத்தில் வைத்தவன் திருப்பிக் குறைக்க மறந்திருந்தேன். அது என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் பன்னச் செடிகளுக்குள் இறங்கிப் போனது.

ஆகவே குட்டைக்குழல் கேட்டது நல்ல யோசனை. வேகம் போய்விடும் என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். .308 என்ற ரவையளவில் 24 அங்குலக் குழலை 16 ஆக்கினால், செக்கனுக்கு 860 மீற்றர் போகிற ரவை 800 அளவுக்கு இறங்கும். 40 மீற்றரில் நிற்கிற மரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உன் காதுக்குத்தான் வித்தியாசம் தெரியும். குழல் குறையக் குறைய வெடி முகத்துக்குக் கிட்ட வரும், விக்டோரியாவில் உனக்குச் சைலன்சரும் இல்லை. எனவே 16க்கு இறங்காதே, 20 அங்குலம் எடு. சைலன்சர் பூட்டிய என் 16 ஐவிட உன் வெறும் 20 குட்டையாகத்தான் இருக்கும்.

என்னுடையதை வெட்டிக் குறைத்த கதையும் இருக்கிறது. வெட்டியவர் சைலன்சருக்கான புரியைச் சற்றுக் கோணலாகப் போட்டுவிட்டார். முதல் வெடியிலேயே ரவை உள்தட்டை உரசிக்கொண்டு போய், புதுச் சைலன்சர் வாங்க வேண்டியதாயிற்று.

பாரம் வேறு கதை. பக்கத்து வீட்டுக் கிழவரிடம் ஜங்கிள் கார்பைன் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் .303 லீ-என்ஃபீல்டைக் குறுக்கி, இரும்பைச் சுரண்டி, 1944இல் உற்பத்தி தொடங்கிய துவக்கு. குறுக்குமுன் இருந்த நீளமான மாதிரி, நம்பர் 4, நாலு கிலோவுக்கு மேல், இது 3.2 தான். கையில் எடுத்தால் குழந்தைபோல ஒட்டிக்கொள்ளும். ஐந்து வெடி வைத்தேன், அடுத்தநாள் சேர்ட் போட முடியவில்லை. பிடங்கில் ஒட்டியிருக்கிற ஒடுங்கிய ரப்பர் தோளைக் காப்பாற்றுவதைவிடக் குத்துவதுதான் அதிகம். பாரம் குறைந்தால் உதை கூடும், உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான். இப்போது 2.5 கிலோவிலும் துவக்கு கிடைக்கிறது. ஸ்கோப் இல்லாமல் மூன்று கிலோவுக்குக் கிட்ட ஒன்றை எடு. அந்த அரைக் கிலோவை உன் வயிற்றில் குறைக்கலாம்.

ரவையில் உனக்குத் தெரிவு அவ்வளவு இல்லை. உங்கள் மாநிலச் சட்டப்படி மரைக்கு ரவை ஆகக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிரெயின் எடையும் இருக்க வேண்டும். .243 அதைவிடச் சிறிது, ஆகவே கழிந்தது. லீவர் இழுக்கும் .30-30 அழகான சாமான், சட்டத்துக்கும் உட்படும், ஆனால் 200 கிலோவுக்கு மேற்பட்ட கொம்பனுக்கு அதைத் தூக்க எனக்கு மனம் வராது. பாரமான ரவை சுள்ளிகளை முறித்துக்கொண்டு நேரே போகும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. எந்த ரவையும் சுள்ளியில் பட்டால் திசை மாறும். இடைவெளி தெரிகிறவரை பொறுக்க வேண்டியதுதான். 7எம்எம்-08 அல்லது .308 ரவை, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ஏற்றுகிற போல்ட் துவக்கு, 1 அல்லது 2 மடங்கில் தொடங்கும் ஸ்கோப். இதுதான் என் தெரிவு. ஸ்கோப்பை எப்போதும் ஆகக் குறைந்ததில் வைத்துக்கொண்டு நட.

இன்னொன்று. அடர்காட்டில் எல்லாம் கிட்டத்தில் நடக்கும், கை தானாக அவசரப்படும். இங்கே வேட்டையில் தவறிச் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுட்டவனோடு கூடப் போன ஆட்களே. அசைகிற பற்றைக்கும் மண்ணிற மயிருக்கும் சுடாதே. தலை, கழுத்து, தோள் மூன்றையும் காணும்வரை விரல் வெளியிலேயே இருக்கட்டும்.

எழுதும்போது உன் பெரியப்பாவின் இடியன் துவக்கு ஞாபகம் வந்தது. அவர் உயரமே இருந்தது. ஆனால் வன்னியில் அது எந்தக் கொடியிலும் மாட்டியதாக நான் கேள்விப்படவில்லை. மனுசன் குளக்கரைப் பரணில் ஏறினால் விடியும்வரை அசையமாட்டார். இங்கே மனவட்டுப் பக்கத்து மரைகள் 1870களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழிதான், தெரியுமா? உன் முழங்காலுக்கும் பெரியப்பாவின் முறைதான் சரி. இரவில் வெளிச்சம் அடித்துச் சுடுவது உங்கள் பக்கம் குற்றம், அதை விட்டுவிடு. விடிந்த பிறகு, மரை நடந்த தடம் பார்த்து, காற்று தடத்திலிருந்து உன் பக்கம் வீசுகிற மாதிரி ஒரு மரத்தடியில் குந்து. அப்படியென்றால் இவ்வளவு குட்டைத் துவக்கு உனக்கு எதற்கு என்று கேட்பாய். உட்காரும் இடம்வரை நடக்க வேண்டுமே!

காசு கட்டுமுன் கடையில் உன் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார். ஏப்ரலில் செம்மான்கள் கத்தும் காலத்தில் இங்கே வா. மரை வத்தல் கிடைத்தால் என் பங்கை மறக்காதே, ஆனால் பையில் போட்டுக்கொண்டு வராதே. விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

உன்
கடைசி வாங்குக் கூட்டாளி