சரவணம்பட்டி வீட்டுச் சாவி

திருப்பூர்
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

நேற்று கோவை சரவணம்பட்டியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை. ஆள் புழங்காத குளியலறையில் தண்ணீர் போகிற துவாரம் வற்றிவிட்டால் கீழிருந்து வாடை ஏறும். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். குழாயில் காவி நிறமாக வந்து, பிறகுதான் தெளிந்தது. கதவுக்கடியில் பராமரிப்புக் கட்டணச் சீட்டுகள் கிடந்தன. மூன்று மாதத்துச் சீட்டு. கட்டிவிட்டேன். வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய்.

தரகரிடம் சொல்லியிருக்கிறேன். 16,000 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதில் முதல் மாத வாடகை தரகருக்கு. உன் வீட்டுக் கடன் தவணை மாதம் 38,000. குடியிருந்தவர் காலி செய்ததிலிருந்து முழுவதும் உன் சம்பளத்திலிருந்துதான் போகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை வரும் என்று கணக்குப் போடவே கூடாது. பத்து மாதம் வந்தால் நல்ல வருடம். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான்.

முப்பது வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கியவன் நம் வகையறாவில் நீ ஒருவன்தான். தோட்டத்துச் சாளையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனால் பத்திரம் பதிவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பக்கம் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகள். குடிவருகிறவருக்கும் அதே வேலை, உனக்கும் அதே வேலை. ஒரு பக்கம் ஆள் குறைத்தால் வாடகையும் நிற்கும், சம்பளமும்... சரி, அதை விடு.

யார் வந்தாலும் வாய்ப்பேச்சில் சாவி கொடுக்காதே. 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். நான்காவது மாதப் பாக்கிக்கு நம் கையில் ஒன்றும் இருக்காது. பெரியப்பா வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். வாய்ப்பேச்சில் கொடுக்காதே.

இந்த ஊர் பனியன் தொழில் ஒன்றையே நம்பி வீடு கட்டியவன் நான், அதனால் சொல்கிறேன். 2020 ஊரடங்கில் ஆட்கள் ஊருக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மறுபடி பயந்தேன். ஆனால் 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலக்கிறது என்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுதான் பெரிய அடி. நாம் வாடகைக்கு விட்டிருந்த ஆறு லைன் வீடுகளில் நான்கு காலியாகின.

வடக்குக் கோடி வீட்டில் குடியிருந்தவர் போகவில்லை. மூன்று மாத வாடகை பாக்கி. எனக்கு பாங்கில் தவணை நின்றிருந்தது. பங்குனி வெயில். ஒரு நாள் சாயங்காலம் மீட்டர் பெட்டியைத் திறந்து அவர்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் பையன் உன்னோடு பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். "அவங்க வீட்டில் மட்டும் ஏன் கரண்ட் இல்லை?" என்று நீ சாப்பிடும்போது கேட்டாய். மின்வாரியத்து ஆள் வர வேண்டும் என்றேன். கட்டை என் பையிலேயே இருந்தது. நீ உன் எமர்ஜென்சி விளக்கை எடுத்துக்கொண்டு அங்கே போனாய்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பாத்திரங்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பையன் பரீட்சையை எங்கிருந்து எழுதினான் என்று நான் விசாரிக்கவில்லை. பாக்கி வைத்தாலும் மின்சாரம், தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று இப்போதைய சட்டத்தில் எழுதியிருக்கிறது. அன்றைக்கு அது தப்பு என்று தெரிவதற்கு எனக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன். தவணைத் தேதி நெருங்க நெருங்க யாரிடமும் நான் பேசவில்லை, உன் அம்மாவிடமும் பேசவில்லை. அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நீ போன் செய்து ஐந்து வாரம் ஆகிறது.

இந்த மாதம் ஐந்து வீட்டு வாடகை வந்திருக்கிறது. உன் கணக்கில் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்பாதே. அந்த வீட்டை விற்பதென்றாலும் எனக்கு வருத்தமில்லை. சனிக்கிழமை மறுபடி போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

அப்பா