கோட்டை மாதிரியில் காக்கிச் சிப்பாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 10 நெருங்குகிறது. 1806 சிப்பாய்ப் புரட்சியை நினைவுகூர வேலூர்ப் பள்ளிகளில் தெர்மாகோல் கோட்டைகள் எழும்பும். மஞ்சள் மதில், நீல அகழி, காக்கி உடுப்பில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் என்று ஆண்டுதோறும் ஒரே அச்சுதான். சின்னஞ்சிறு படைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசைமேல் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை ஆடிப் பார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறோம்: தெர்மாகோலுக்கு ஆகும் அதே செலவில் கோட்டையைச் சரியாகவே செய்யலாம்.

தப்பு தொடங்குவது அளவில். கோட்டை வளாகம் 133 ஏக்கர். சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் சுமார் 730 மீட்டர். 1/72 அளவுப் பொம்மையில் ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோட்டையையும் அதே விகிதத்தில் கட்டினால் ஒரு பக்கமே 10 மீட்டர் வரும், வகுப்பறை கொள்ளாது. ஆள் உயரம் 6 மி.மீ. மட்டுமே இருக்கும் 1/285 அளவில்கூட இரண்டரை மீட்டர். மேசையில் ஆடுபவர்கள் நிலத்துக்கு ஒரு விகிதம், ஆளுக்கு வேறொரு விகிதம் வைத்துக்கொள்வது இதனால்தான். மாணவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. முழுக் கோட்டையை விட்டுவிட்டு, வாயில், பாலம், அகழியின் ஒரு துண்டு, இருபுறமும் கொஞ்சம் மதில், இவற்றை மட்டும் மூன்றடிக்கு இரண்டடிப் பலகையில் 1/72 அளவில் செய்யலாம். அன்றைய நாளின் போக்கு மாறிய இடமும் அதுதான். சிப்பாய்கள் பிடித்த கோட்டையை மீட்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி மதில்மேல் ஏற்றப்பட்டார். பிறகு வந்த பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. ஆற்காடு சுமார் 25 கி.மீ. அவர் எந்தச் சுற்றில் வந்து சேர்வார் என்பதைப் பகடையிடம் விட்டுவிடுங்கள். நேரத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால் ஆட்டத்தில் உப்புச்சப்பு இருக்காது.

இப்போது உடுப்பு. காக்கி இந்தியப் படைகளுக்கு வந்தது 1840-களின் பிற்பகுதியில். 1806-இல் சென்னைப் படைச் சிப்பாயும் சிவப்புக் கோட்டு, எதிரே நின்ற 69-ஆம் வெள்ளைப் படையும் சிவப்புக் கோட்டு. அப்படியானால் மேசையில் எப்படிப் பிரித்தறிவது? 69-ஆம் படைக்குக் காலரும் கைமடிப்பும் பச்சை, முழுநீளக் கால்சட்டை. சிப்பாய்க்கு அரைக்கால் சட்டை, வெறுங்கால், செருப்பு, தலையில் டர்பன். வெள்ளைக்காரச் சிப்பாய்ப் பொம்மையே கையில் இருந்தால் கால்சட்டையைத் தொடையோடு மழித்து, அதற்குக் கீழே தோல் நிறம் பூசி, தலையில் பட்டாணி அளவில் பாதி எம்-சீல் வைத்துத் தலைப்பாகை செதுக்கலாம். எம்-சீலின் இரு பகுதிகளையும் சரிபாதியாகப் பிசைய வேண்டும். ஒன்று கூடினால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். விரலை நனைத்துக்கொண்டால் ஒட்டாது. நெற்றியில் திருநீறும் நாமமும் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அளவில் நெற்றி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தவிர, சீருடையில் அவை கூடாது என்ற உத்தரவும் அன்றைய கொதிப்புக்கு ஒரு காரணம். வெறும் நெற்றியாக விடுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். ஒரு பொம்மை 20 பேருக்குச் சமம் என்று வைத்தால் சுமார் 1,500 சிப்பாய்களுக்கு 75 பொம்மை, 69-ஆம் படையின் நான்கு கம்பெனிகளுக்கு இருபதுக்குள். மூன்று மூன்றாக 40-க்கு 30 மி.மீ. அட்டையில் ஒட்டினால் நகர்த்தும்போது கையில் அகப்படுவது அட்டைதான், பெயின்ட் தேயாது.

1/72 பொம்மைகள் வளையும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பூச்சு அவற்றின்மேல் இருக்கும். அதைப் போக்காமல் பூசினால் துப்பாக்கி முனையிலிருந்து பெயின்ட் செதில் செதிலாக உரியும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் அரைமணி ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவையுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிகால், மூன்று பங்கு தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சு. அதன்மேல் அடர்பழுப்பு அக்ரிலிக். வளைந்த துப்பாக்கியை வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிற்கும். சிவப்பைக் கடையில் வாங்கியபடியே பூசாமல் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து வெளிறச் செய்யுங்கள். சின்ன உருவத்தில் எந்த நிறமும் ஒரு படி கருத்துத்தான் தெரியும். பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்று எண் போட்ட மயிரிழை பிரஷ் வேண்டாம். முனை கூரான 1-ஆம் எண் போதும், அதில் பெயின்ட் நிற்கும். மெலிந்த பிரஷில் பொம்மையைத் தொடுமுன்னே காய்ந்துவிடும், அதிலும் நம்மூர் வெயிலில். ஈரப் பஞ்சின்மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வண்ணம் கலந்தால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக ஸ்பிரே பிரைமர் அடிப்பவர்கள் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. உச்சி வெயிலில் துளிகள் காற்றிலேயே காய்ந்து பொம்மை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். மழைக்காலத்தில் மேட் வார்னிஷ் அடித்தால் வெண்படலம் பூக்கும். தெர்மாகோல்மேல் ஸ்பிரே அடித்தால் கோட்டை கண்ணெதிரே கரையும். ஃபெவிக்விக்கும் அதையே செய்யும். தெர்மாகோல் முழுவதும் மூடும்படி ஃபெவிகாலை இரண்டு பூச்சு பூசி, காய்ந்தபின்தான் ஸ்பிரே. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பிளெக்ஸ் அச்சிடும் கடைகளில் மிஞ்சும் சன்போர்டு என்ற கெட்டி நுரைப் பலகைத் துண்டுகள் மதிலுக்கு அருமை. பளபளப்பை உப்புத்தாளால் போக்கி, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் கல் இடைவெளிகளை அழுத்துங்கள். செங்கல் கோடு போல ஒரே அளவாக வேண்டாம். கோட்டை கருங்கல்லில் கட்டியது, கற்கள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். அடர்சாம்பலில் கொஞ்சம் பழுப்பு கலந்து பூசி, காய்ந்தபின் வெளிர்சாம்பலைப் பிரஷில் தொட்டுத் துணியில் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசினால் கல் எழுந்து நிற்கும். அகழிக்கு நீலம் கூடாது. பாசிப்பச்சையும் பழுப்பும், நடுவில் கருமை, மேலே பளபளப்பு வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு. ரெசின் ஊற்றுபவர்கள் மூன்று மி.மீ.க்கு மேல் ஒரேயடியாக ஊற்றினால் சூடேறிப் பலகை வளையும்.

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று ஊரைக் கேலி செய்வார்களே, மாதிரி செய்பவனுக்கு அது வரம். பச்சைப் புல் பொடிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து ஒட்டினால் தரை. கொதித்த டீத்தூளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தூவினால் சருகு. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். 20 மீட்டர்ப் பனைமரம் 1/72-இல் 28 செ.மீ. வரும், பலகையே சாயும், 18 செ.மீ. போதும், கண்ணுக்கு உறுத்தாது.

பழைய ஈயப் பொம்மைகளை அரம் போட்டு ராவுபவர்கள் செய்தித்தாள் விரித்து ராவி, தூளோடு சுருட்டி எறிந்துவிட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறை மேசையில் இந்த வேலையே கூடாது.

இப்படிக்கு,
மேசைப் போர் விளையாட்டு ஆர்வலர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.