காட்டுக்குள் மையவாடி எப்படி வந்தது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2030க்குள் இலங்கையின் வனப் பரப்பை 32 சதவீதமாக்கும் காலநிலை இலக்கைப் பற்றிய கடந்த ஞாயிறுத் தலையங்கத்தில், "வடக்கில் காட்டைப் பிடித்துக் குடியேறியோர்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை உம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேசவே இல்லை.

நாங்கள் மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. வில்பத்துப் பக்கமாக நடந்தே புத்தளம் போனோம். யுத்தம் முடிந்து வாப்பா ஊர் பார்க்கப் போனபோது எங்கள் வளவு முழுக்கப் பாலையும் வீரையும். பற்றையை வெட்டித்தான் கிணற்றையே கண்டுபிடித்தார். மூத்தம்மாவை அடக்கிய மையவாடியிலும் மரம். காட்டுக்குள் மையவாடி எப்படி ஐயா வரும்? வானத்திலிருந்து எடுத்த படத்தில் பச்சை தெரிந்திருக்கும். அடக்கிய இடத்தில் நட்ட மீசான் கல் தெரிந்திருக்காது.

2012இல் முசலிக் காணிகளை ஒதுக்குக் காடாக்கி அரச வர்த்தமானி வந்தபோது எங்களில் பலர் இன்னும் புத்தளத்தில்தான் இருந்தோம். 2017 மார்ச்சில் மாவில்லு வனம் என்று இன்னோர் அறிவிப்பு, நாற்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேல். எங்கள் வீட்டில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வாப்பா கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒவ்வோர் இடத்திலும் மற்றக் கந்தோரைக் காட்டினார்கள்.

காடு வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. மழை பொய்த்தால் முதலில் காய்வது எங்கள் குளம். எந்தப் பாதையால் யானை வரும், எந்த மரத்தில் தேன் வைக்கும் என்று அறிந்தவர்கள் ஊரார். எல்லை போடும்போது அவர்களையும் கூட்டிப் போயிருக்கலாமே.

நான் இப்போது இருக்கும் தெமட்டகொடைக்குப் பக்கத்தில்தான் மீதொட்டமுல்லை. தாழ்நிலத்தில் கொட்டிய குப்பை மலையாகி, 2017 சித்திரைப் புத்தாண்டன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அடுத்த வருடம் கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற பட்டமும் கிடைத்தது. இங்கே சதுப்பை நிரப்பியவர்களை "பிடித்தவர்கள்" என்று உங்கள் பத்திரிகையில் நான் வாசித்ததில்லை. ஒக்டோபர் வந்தால் எங்கள் வெளியேற்றத்தைப் பற்றிக் கட்டுரை போடுகிறீர்கள். அந்தக் கட்டுரைகளை வெட்டி வைத்திருக்கும் வீடு இது. ஆகவேதான் இவ்வளவு வலிக்கிறது.

"பிடித்து" என்ற அந்தச் சொல்லைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். முடிந்தால் வர்த்தமானியில் உள்ள எல்லைகளை, ஊர்ப் பெயர்களைத் தமிழில் குறித்து, ஒரு வரைபடமாகப் பிரசுரியுங்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மாவுக்காவது எங்கள் கிணறு எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
முசலி வாசகி,
கொழும்பு 09